மைதானத்தில் எதைப் பார்ப்பது? பள்ளி இயற்கை மன்றத்துக்கு ஐந்து வழிகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். இந்த வருடம் தென்காசிப் பக்கத்திலிருந்து அறிவியல் டீச்சர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், சுற்றுச்சூழல் மன்றத்த எங்கிட்ட குடுத்துட்டாங்க. நாப்பது பிள்ளைங்க. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் மட்டும்தான். பறவை பாக்கலாம்ங்கறாங்க, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போடலாம்ங்கறாங்க, ஒருத்தர் குளமே வெட்டலாம்ங்கறார். எதுல ஆரம்பிக்க?"

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பது வருடமாக மன்றம் நடத்துகிறேன். டீச்சர் சொன்ன மூன்றையும், இன்னும் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுயிர் என்றால் களக்காடு முண்டந்துறைப் புலியும் கூந்தன்குளத்துப் பூநாரையும்தான். அவர்கள் தினமும் செருப்புக் காலோடு மிதித்துப் போகும் மண்ணில் என்ன இருக்கிறது என்று காட்ட பஸ் வேண்டாம், வனத்துறை அனுமதி வேண்டாம். ஆனால் எந்த வழியில் தொடங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். தவறான வழியில் தொடங்கியதால் நாங்கள் இரண்டு வருடம் இழந்தோம். அந்த இரண்டு வருடத்துப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துப் போயே விட்டார்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

எல்லோரும் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெற்றோர் ஆசிரியர் கழகமோ பழைய மாணவர் ஒருவரோ எப்படியாவது கொடுத்துவிடுவார்கள். மற்றவற்றை யாரும் வாங்கித் தர முடியாது.

முதலாவது, மன்றம் கூடும் நேரம். பறவைகள் காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான் நன்றாக நடமாடும். வண்ணத்துப்பூச்சிகளுக்கு வெயில் ஏற வேண்டும். அந்துப்பூச்சிகளுக்கு இருட்ட வேண்டும். மாலை மூன்றரைக்குக் கூடும் மன்றத்துக்கு இந்த மூன்றுமே முழுதாகக் கிடைக்காது.

இரண்டாவது, ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்க முடியும். முன்னால் நிற்கும் நான்கு பேர் பார்க்க, பின்னால் முப்பத்தாறு பேர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாது.

மூன்றாவது, மே மாதம். நட்ட செடிக்கும் கட்டிய தொட்டிக்கும் விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? இதற்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்ல முடிய வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்ற பதில் இருந்தால் செடி போச்சு என்று அர்த்தம்.

நான்காவது, மைதானத்தை யாரோடெல்லாம் பகிர்ந்துகொள்கிறோம் என்பது. பி.டி. சாருக்கு அது வாலிபால் கோர்ட். சத்துணவு அக்காவுக்குக் கறிவேப்பிலை கிடைக்கும் இடம். தூய்மைப் பணியாளருக்கு உதிர்ந்த இலை என்பது தினமும் அள்ள வேண்டிய வேலை. இவர்களைக் கேட்காமல் தொடங்கிய எதுவும் எங்கள் பள்ளியில் நிலைக்கவில்லை.

ஐந்தாவது, பணிமாறுதல். கலந்தாய்வில் நீங்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால் இந்த வேலை தொடருமா, உங்களோடு கிளம்பிவிடுமா? ஆபத்து என்ன என்பதையும் கேட்டாக வேண்டும். அது வழிக்கு வழி மாறுவதால் அங்கங்கே சொல்கிறேன்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல்:

| வழி | பொருத்தமான நேரம் | ஒரு தடவையில் எத்தனை பேர் | செலவு | மே மாத வேலை | மறைந்திருக்கும் சிரமம் |
|---|---|---|---|---|---|
| பறவைக் கணக்கு | காலை, பள்ளிக்கு முன் | 8 முதல் 10 | பைனாகுலர் இருந்தால் நல்லது | இல்லை | காலையில் சீக்கிரம் வரக்கூடிய பிள்ளைகள் மட்டுமே |
| வண்ணத்துப்பூச்சித் தோட்டம் | முற்பகல் | 15 வரை | குறைவு | தினமும் தண்ணீர் | விஷச் செடிகள், பூச்சிமருந்து, சமையல் தேவை |
| தரைச் சிற்றுயிர்கள் | எந்த நேரமும் | 40 | மிகக் குறைவு | இல்லை | பெயர் கண்டுபிடிப்பது கடினம். தேள், பாம்பு எச்சரிக்கை |
| குட்டிக் குளம் | எந்த நேரமும் | 10 | அதிகம் | நிறைய | கொசு, சின்னப் பிள்ளைகள் விழும் அபாயம் |
| இரவு விளக்குத் திரை | மாலை 6.30 முதல் 8.30 | 30 | குறைவு | இல்லை | பெற்றோர் அனுமதி, வீடு திரும்பும் வழி |

பறவைக் கணக்கு

பள்ளி மைதானத்தில் பறவை பார்க்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் ஜூன் கடைசியில் ஒரு வேப்ப மரத்தடியில் போய் நிற்க வேண்டும். பழம் மஞ்சளாகும் காலம். கொண்டைக்குருவி, மைனா, குயில் எல்லாம் அதே மரத்தில் இருக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் இலையைப் புரட்டிக்கொண்டிருக்கும். பனைமரம் இருந்தால் பனை உழவாரன் நிச்சயம். எங்கள் மைதானம் இரண்டு ஏக்கர்கூட இருக்காது. முதல் வருடத்தில் 31 வகைகளை எழுதினோம்.

இந்த வழியின் பெரிய பலம், நம் கணக்கு நம் நோட்டோடு நிற்பதில்லை என்பது. 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்த வகைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால், அது அறிவியலாளர்கள் பயன்படுத்தும் தரவு. பனங்காடை இந்தியாவில் குறைந்துவருகிறது என்று 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை சொன்னதற்கு அடிப்படை இப்படி ஆயிரக்கணக்கானோர் ஏற்றிய பட்டியல்கள்தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. விடுமுறையில் ஆச்சி வீட்டுக்குப் போன பிள்ளைகள் அங்கிருந்தே எண்ணி அனுப்பலாம். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பை ஒட்டி, கல்வி வளாகங்களுக்கென்றே ஒன்று நடக்கிறது. அது பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நேரம் என்பதால் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

சிரமம் எங்கே? காலை ஏழரைக்கு வர முடிந்தவர்கள் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் மட்டுமே. பஸ்ஸில் வருபவர்கள் வெளியே நின்றுவிடுகிறார்கள். இதை நான் மூன்று வருடம் கழித்துத்தான் கவனித்தேன். மன்றத்தில் இருந்த பத்துப் பேரும் ஒரே தெருப் பிள்ளைகள். அப்புறம், பைனாகுலர். ஒன்று மட்டும் இருந்தால் அதற்கான சண்டையிலேயே பறவை பறந்துவிடும். ஒன்றும் இல்லாமல் இருப்பதே மேல். 8x42 என்ற அளவில் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) மூன்று கிடைத்தால் வாங்குங்கள். அதற்குமேல் உருப்பெருக்கம் கேட்டு வாங்கினால் பிள்ளைகளின் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது.

ஏழாம் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். தடித்த கண்ணாடி. மற்றவர்கள் கிளைகளைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, "சார், கன்னான்" என்பாள். பித்தளைப் பாத்திரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் டொங்க் டொங்க் என்று எங்கோ கேட்கும் குக்குறுவானின் குரல். அணில்கள் ஒரே மாதிரியாக, விடாமல் கத்தினால் வல்லூறு வந்திருக்கிறது என்றும் அவள்தான் முதலில் சொன்னாள். அந்த வருடம் எங்கள் பட்டியலில் பாதிக்குமேல் அவள் காதால் வந்தது. பறவை பார்த்தல் என்ற பெயரைப் பார்த்து அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிடாதீர்கள்.

அக்டோபரில் ஒரு காலை, ஆய்வகச் சுவரோரம் ஒரு பறவை சோர்ந்து உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, குட்டை வால். ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருவது. அட்டைப்பெட்டிக்குள் இருட்டில் வைத்து, மாலையில் திறந்ததும் புங்கை மரத்துக்குள் போய்விட்டது. இப்படி ஒரு நாளை எந்தத் திட்டமும் ஏற்பாடு செய்து தர முடியாது. தினமும் பார்ப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளும், காலையில் சீக்கிரம் வரத் தயாரான ஓர் ஆசிரியரும், நாலைந்து பெரிய மரங்களும் இருந்தால் இதுவே சிறந்த வழி.

வண்ணத்துப்பூச்சித் தோட்டம்

அதிகம் பேர் விரும்புவது இதைத்தான். திறப்பு விழாவுக்கும் போட்டோவுக்கும் பொருத்தமானது. 2019-இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அரசு அறிவித்த பிறகு ஆர்வம் இன்னும் கூடியது. தமிழ் மறவன் மலைக்காட்டுப் பக்கத்து இனம். சமவெளிப் பள்ளியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். நமக்கு வேறு நிறைய இருக்கின்றன.

நாங்கள் செய்த முதல் தவறு, நர்சரிக்குப் போய்ப் பூச்செடி வாங்கியது. வண்ண வண்ணமாக இருபது தொட்டி. வண்ணத்துப்பூச்சி வந்தது, தேன் குடித்தது, போய்விட்டது. பூ என்பது அதற்கு ஓட்டல் மாதிரி. பிள்ளை பெற்று வளர்க்க வீடு வேண்டுமே. ஒவ்வோர் இனமும் தனக்கென்று வைத்திருக்கும் சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் நார்த்தையும் கறிவேப்பிலையும். வெந்தய வரியனுக்கு எருக்கு. ஆவாரை, கொன்றை இனங்களுக்கென்று வெளிர்மஞ்சள் நிறத்தவை வரும். வரிசையாக நட்டு வைத்திருக்கிறோமே நெட்டிலிங்கம், அதன் தளிரிலும் ஓர் இனத்தின் புழு இருக்கும். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

அடுத்த சிக்கல் இங்கே தொடங்குகிறது. நல்ல உணவுச் செடிகளில் பல விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். அரளி முழுவதும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. எருக்கின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடமிருந்து வெந்தய வரியன் தப்பிக்கிறது என்பது வகுப்பில் சொல்ல அருமையான பாடம். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடியாடும் வளாகத்தில் அதை நடலாமா என்று யோசித்தே ஆக வேண்டும். தொடக்கப் பள்ளி என்றால் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆவாரை, தும்பை, இட்லிப்பூ ஆகிய ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளியானால் வேலியோரம் தானாக முளைத்த எருக்கைப் பிடுங்காமல் விட்டால் போதும். வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது என்று உண்ணிச்செடியை மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். நம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் அயல் செடி அது. விதையைப் பறவைகள் கொண்டுபோய்விடும்.

மூன்றாவது சிக்கலைச் சொல்ல எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. இரண்டாம் வருடம் கறிவேப்பிலைச் செடிகளில் புழுக்கள் நிறைய வந்தன. பிள்ளைகள் ஒவ்வொரு புழுவுக்கும் எண் கொடுத்து நோட்டில் தினமும் அளவு எழுதினார்கள். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் செடியெல்லாம் வெள்ளைப் பொடி. 'செடியப் பூச்சி தின்னுது' என்று நல்ல எண்ணத்தில் யாரோ மருந்து அடித்திருந்தார்கள். பதினேழு புழு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தான். மருந்து அடித்தவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை.

அதற்குப் பிறகு சத்துணவு அக்காவையும் உட்கார வைத்துப் பேசினோம். இப்போது கறிவேப்பிலை இரண்டு வரிசை. ஒன்று ரசத்துக்கு, ஒன்று புழுவுக்கு. ரசத்து வரிசையில் புழுவைப் பார்த்தால் அக்காவே எடுத்து அடுத்த வரிசையில் விட்டுவிடுகிறார்.

சரி, இவ்வளவு சிரமத்துக்கு என்ன கிடைக்கிறது? எலுமிச்சை அழகியின் புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்து, கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தெரியாது. பெரிதானதும் இலைப் பச்சை. ஒரு புல்லின் நுனியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு பாம்பு நாக்கு போல வெளியே வரும், கூடவே ஒரு புளித்த வாடை. இரண்டு விநாடியில் உள்ளே போய்விடும். அதை ஒரு முறை பார்த்த பிள்ளை புழுவை நசுக்கி நான் பார்த்ததில்லை. முட்டையிலிருந்து சிறகு விரிப்பது வரை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுவதால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முழுக் கதையையும் பார்த்துவிடலாம்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்து, மே மாதமும் வரக்கூடிய வாட்ச்மேன் அண்ணாச்சி போல ஒருவர் ஒப்புக்கொண்டால் இந்த வழி. மரமே இல்லாத புதுக் கட்டடப் பள்ளிகளுக்கும் இதைச் சொல்வேன். அங்கே வேறு எதைப் பார்ப்பது?

தரையில் இருக்கும் சிற்றுயிர்கள்

டீச்சர் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நாற்பது பிள்ளைகள், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், கையில் காசில்லை என்று சொல்லும் எந்த ஆசிரியருக்கும் முதல் வருடத்துக்கு இதையே சொல்கிறேன்.

தேவை நான்கு மீட்டர் நீளத்தில் பத்துக் கயிறு, நாலைந்து கை லென்ஸ், ஒரு பழைய குடை, ஒரு நோட்டு. கயிற்றைச் சதுரமாக விரித்தால் ஒரு சதுர மீட்டர். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு சதுரம். பத்துச் சதுரங்களில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்திருப்பார்கள். பத்து நிமிடம் அசையாமல் பார்த்து, நகரும் எல்லாவற்றையும் எழுத வேண்டும். குடையைப் புதருக்குக் கீழே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிளையை உலுக்கினால் சிலந்தி, வண்டு, குச்சி போன்ற புழு என்று பத்து வகையாவது குடைக்குள் விழும். பார்த்துவிட்டுப் புதரிலேயே தட்டிவிடலாம்.

எங்கள் கிழக்குக் கட்டடத்தின் தாழ்வாரத்து ஓரம், மழை படாத பொடிமணலில், சின்னச் சின்னப் புனல்கள் மாதிரிக் குழிகள் இருக்கும். குழியானை. ஆயிரம் முறை அதைக் கடந்து போன பிள்ளைகளை ஒரு நாள் முழங்காலிட்டு உட்காரச் சொன்னேன். ஒரு கட்டெறும்பு விளிம்பில் கால் வைத்து வழுக்கியது. ஏற முயன்றது. அடியிலிருந்து மணல் தெறித்தது, ஒரு முறை, இரு முறை. எறும்பு மண்ணோடு சரிந்தது, இரண்டு கொடுக்குகள் மட்டும் வெளியே தெரிந்து மறைந்தன. ஒரு சத்தமும் இல்லை, நாற்பது பிள்ளைகளிடமும். ஒரு குழியானையை மெல்ல எடுத்து வெறும் மணலில் விட்டோம். அது பின்னோக்கி மட்டுமே நடந்து, வட்டம் போட்டுக்கொண்டே உள்ளே இறங்கியது. இதுதான் பின்னாளில் தட்டான் போல நீண்ட சிறகுகளோடு பறக்கப்போகிறது என்று சொன்னபோது நம்ப மறுத்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக் குழியானைகளைப் பற்றிச் சொல்ல ஆளுக்கு ஒரு கதை இருந்தது. மைதானத்தில் பார்த்தது வீடு வரைக்கும் போய்விட்டது.

முசுறு எறும்பு மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுவதையும், அதே எறும்பைப் போல வேடமிட்டு அதன் நடுவே நடமாடும் சிலந்தியையும் பார்க்கலாம். எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. இந்த ஒரு வித்தியாசத்தைத் தேடிப் பிள்ளைகள் அரை மணி நேரம் ஒரே கிளையின் முன்னால் நிற்பார்கள். முதல் மழைக்குப் பிறகு சிவப்பு வெல்வெட் போலத் தம்பலப்பூச்சி வரும். ஈசல் கிளம்பும். மரவட்டை வரும். பருவம் தானாகவே பாடத்திட்டத்தைக் கொடுக்கும்.

குறைகள் உண்டு. பெரிய குறை பெயர். மைனாவை யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சிலந்தியிலும் எறும்பிலும் இனப் பெயர் வரைக்கும் போவது வல்லுநர்களுக்கே கடினம். 'பெயர் தெரியாத டீச்சர் எப்படி நடத்துவது' என்ற தயக்கம் நியாயமானது. நாங்கள் செய்தது: பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். 'பச்சைக் குண்டன்', 'கோலம் போடுற சிலந்தி' என்று. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் பள்ளிக் கணக்கிலிருந்து ஏற்றினோம். சிலவற்றுக்கு உலகின் எங்கிருந்தோ பெயர் வந்தது, பலவற்றுக்கு வரவில்லை. பெயர் வராததைப் பிள்ளைகள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பெயரில் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டாம். முகம் தெரியும் படமும் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று பாதுகாப்பு. செருப்பு போதாது, ஷூ வேண்டும். புற்று, பொந்து எதிலும் கை விடக் கூடாது. கல்லை ஆசிரியர் மட்டுமே, அதுவும் குச்சியால், தன் பக்கம் கல் இருக்க எதிர்ப்பக்கம் வாய் திறக்கும்படி தூக்க வேண்டும். பார்த்ததும் இருந்தபடியே வைக்க வேண்டும், அது ஓர் உயிரின் கூரை. கணுக்காலுக்கு மேல் வளர்ந்த புல்லுக்குள் போவதே இல்லை. நம் ஊரில் கண்ணாடி விரியன் பள்ளி மைதானத்திலும் வரும். பாம்பைப் பார்த்தால் எல்லோரும் பின்வாங்கிப் பெரியவர் ஒருவரிடம் சொல்வது என்று முதல் நாளே ஒத்திகை பார்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். முருங்கையில் கம்பளிப்பூச்சி இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குட்டிக் குளம்

குளம் வெட்டினால் வரும் சந்தோஷம் தனி. தண்ணீர் விட்ட சில நாளிலேயே தட்டான் வந்து வாலால் நீரைத் தொட்டு முட்டையிடும். மழைக்குத் தவளை வரும். ஆனால் முதல் வருட மன்றத்துக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டான் புழுக்கள் கொசுப் புழுக்களைத் தின்னும்தான், ஆனால் அந்தச் சமநிலை வர மாதங்கள் ஆகும். அதற்குள் டெங்கு சோதனைக்கு வரும் சுகாதார ஆய்வாளர் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்வார், அவர் சொல்வதும் சரியே. கொசுவுக்கு என்று கம்பூசியா மீனை விட்டால் அது தட்டான் புழுவையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே தின்னும், குளம் எதற்கு வெட்டினோமோ அதுவே போய்விடும். மேலே கம்பி வலை, சுற்றிலும் வேலி, மே மாதத்துத் தண்ணீர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். எங்கள் குளம் மூன்றாம் வருடக் கோடையில் வெடித்தது. இப்போது அதில் மண் நிரப்பி ஆவாரை வைத்திருக்கிறோம்.

வளாகத்தில் ஏற்கெனவே கிணறோ, மழைநீர் தேங்கும் பள்ளமோ, பக்கத்தில் வாய்க்காலோ இருக்கும் பள்ளிகள் புதிதாக ஒன்றும் வெட்டாமல் அதன் கரையில் நின்று பார்க்கலாம். மற்றவர்கள் அகலமான மண்சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்து தினமும் மாற்றினால் போதும். தட்டான் பார்க்கக் குளம் தேவையில்லை. அக்டோபர், நவம்பரில் மைதானத்துக்கு மேலே கூட்டமாக, உட்காராமல் பறக்கும் மஞ்சள் தட்டான்களைப் பாருங்கள். அந்த இனம் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் மாலத்தீவில் பார்த்ததை வைத்து 2009-இல் எழுதினார். வாலில் நூல் கட்டி விளையாடும் பழக்கம் எங்கள் பள்ளியில் அந்தக் கதையைச் சொன்ன வாரத்தோடு நின்றது.

இரவு விளக்குத் திரை

ஒரு வெள்ளை வேட்டி, இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு, ஒரு பிரகாசமான பல்பு. அமாவாசையை ஒட்டி, மழைக்குப் பிந்தைய ஒரு மாலையில் இரண்டு மணி நேரம். அந்துப்பூச்சி, வண்டு, கும்பிடுபூச்சி எல்லாம் வந்து உட்காரும், கீழே தேரை காத்திருக்கும். வாரந்தோறும் செய்யக்கூடியதல்ல, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை. பெற்றோர் கையெழுத்து, பெண் பிள்ளைகள் வீடு திரும்ப ஏற்பாடு, ஈரப் புல்லில் மின்கம்பி கிடக்காமல் பார்ப்பது, இவையே உண்மையான செலவு. விடுதி உள்ள பள்ளிகளுக்கு இது மிகப் பொருத்தம். முடிந்ததும் விளக்கை அணைத்து வேட்டியை மெல்ல உதறிவிடுங்கள். இரவெல்லாம் எரியவிட்டால் பூச்சிகள் சோர்ந்து விழும், விடிந்ததும் கரிச்சான் பொறுக்கும்.

யாருக்கு எது

தொடக்கப் பள்ளிக்குத் தரைச் சிற்றுயிர்களும் ஒரு வரிசைக் கறிவேப்பிலையும். பெரிய மரங்களும், காலையில் வரக்கூடிய பிள்ளைகளும் உள்ள பள்ளிக்குப் பறவைகள். மரமில்லாத புது வளாகத்துக்கு, தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும், தோட்டம். தனியாக ஒரு பீரியடே கிடைக்காத மன்றத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது: ஆளுக்கு ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு வாரம் ஒரு முறை தளிர், பூ, காய் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுவது. சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் இதைப் பதியலாம். மதிய உணவு இடைவேளையில் ஐந்து நிமிடம் போதும்.

எதை எடுத்தாலும் இரண்டு விஷயம். கூடு, முட்டை, குஞ்சு எதையும் எடுத்துவரக் கூடாது. பனையிலிருந்து கிளிக்குஞ்சைக் கொண்டுவந்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், நோட்டு உங்கள் பையில் இருக்கக் கூடாது. பள்ளி நூலகத்தில் எண் போட்டு அடுக்கில் இருக்கட்டும். மாறுதலில் நீங்கள் போனாலும் அது அங்கேயே இருக்கும்.

அந்த டீச்சரிடம் கயிற்றையும் குடையையும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். பத்துச் சதுரத்தில் ஏழில் நிறைய இருந்ததாம். மூன்றில் எறும்புகூட இல்லையாம். எங்கே என்று கேட்டேன். கொடிக்கம்பத்தைச் சுற்றி, தினமும் சுத்தமாகப் பெருக்கும் இடம். பிள்ளைகள் தலைமையாசிரியரிடம் போய், மேற்குச் சுவரோரம் ஒரு மூலையை மட்டும் டிசம்பர் வரை பெருக்காமல் விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தூய்மைப் பணியாளர் அக்காவையும் கூடவே கூட்டிக்கொண்டு போனார்களாம். தலைமையாசிரியர் சரி என்று சொல்லிவிட்டார். அந்த மூலைக்குக் கயிறு கட்டியாயிற்று.